பாலாற்றுக்கு 'தி' உண்டு, கொளவாய் ஏரிக்குக் கிடையாது

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களைச் சுற்றிக் கல் யானையும் பாசிமணி மாலையும் விற்பவர்களில் பலர் தயங்காமல் ஆங்கிலம் பேசுகிறார்கள். புத்தகம் வைத்துப் படித்த ஆங்கிலம் இல்லை அது. வந்து போகிறவர்களிடம் காதுகொடுத்துக் கேட்டு, தப்பும் சரியுமாகத் திருப்பிச் சொல்லி, பிழைப்புக்காகப் பழகியது. விலை சொல்லிப் பேரத்தை முடிப்பார்கள். அர்ச்சுனன் தபசுப் பாறையில் கைதூக்கித் தவம் நிற்கும் பூனையைக் காட்டிக் கதையும் சொல்வார்கள். அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கிறது செங்கல்பட்டு. பள்ளியிலும் கல்லூரியிலுமாக 15 வருடம் ஆங்கிலப் பாடம் படித்து, 'ஆக்டிவ் வாய்ஸ்', 'பாசிவ் வாய்ஸ்' மாற்றத் தெரிந்த பட்டதாரி அங்கிருந்து மகேந்திரா சிட்டி நிறுவனம் ஒன்றில் நேர்முகத் தேர்வுக்குப் போகிறார். "டெல் மி அபவுட் யுவர்செல்ஃப்" என்ற முதல் கேள்வியிலேயே திணறுகிறார்.

இருவருக்கும் வேண்டியது வேறு வேறு. கடைக்காரருக்குப் பேச்சு வந்துவிட்டது. நாளைக்கு அவர் நாலு அறையில் ஒரு தங்கும் விடுதி தொடங்கி, வெளிநாட்டுக்காரரின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுத உட்காரும்போதுதான் இலக்கணம் தேவைப்படும். பட்டதாரிக்கு விதிகள் தெரியும், வாயில் வருவதில்லை. ஆனால் இரண்டு பேருடைய பிழைகளையும் எழுதிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே பிழைகளாக இருக்கும். இருவருமே தமிழில் யோசிக்கிறவர்கள் என்பதே காரணம்.

எடின்பரோவில் இருந்த மொழியியலாளர் பிட் கார்டர் 1967-ல் ஒரு கட்டுரை எழுதினார். இன்னொரு மொழி படிப்பவர் திரும்பத் திரும்பச் செய்யும் பிழையைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடக்கூடாது, அவர் மனதுக்குள் ஓர் ஒழுங்கு வேலை செய்கிறது என்பதற்கு அது தடயம் என்பது அதன் சாரம். நம் ஊர்க்காரர் பிழைகளுக்குள் வேலை செய்யும் ஒழுங்கில் பெரும்பகுதி தமிழ் இலக்கணம். கடைகளில் கிடைக்கும் ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் எல்லா நாட்டுக்காரருக்கும் பொதுவாக எழுதப்பட்டவை என்பதால் அவற்றில் இந்தத் தமிழ்ப் பக்கம் இருப்பதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

அதிகம் தடுக்கும் இடமான காலத்திலிருந்து தொடங்குவோம். "நேற்று மாமல்லபுரம் போயிருந்தேன்" என்கிறோம். தமிழில் குறையே இல்லாத வாக்கியம். அதை அப்படியே மாற்றும்போது 'இருந்தேன்' என்பது 'ஹேட்' ஆகிவிடுகிறது: "ஐ ஹேட் கான் டு மாமல்லபுரம் எஸ்டர்டே." ஆங்கிலத்தில் இந்த 'ஹேட்' வருவதற்குக் கடந்த காலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் வேண்டும். அவற்றில் முந்தியதற்கு மட்டும்தான் அது வரும். நாம் போய்ச் சேர்வதற்குள் டிக்கெட் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள் என்றால், மூடியது முந்தியது: "வென் வி ரீச்ட் தி கவுன்ட்டர், தே ஹேட் க்ளோஸ்ட் இட்." போனது ஒன்று மட்டும்தான் சேதி என்றால் "ஐ வென்ட்" போதும். "ஐ ஹேட் கான்" என்று நிறுத்தினால், கேட்பவர் அடுத்து என்ன நடந்தது என்று காத்துக்கொண்டிருப்பார்.

'வந்திருக்கிறார்' என்பதும் இதே மாதிரி இழுக்கும். "அவர் நேற்றே வந்திருக்கிறார்" என்று தமிழில் நேற்றையும் 'இருக்கிறார்' என்பதையும் ஒன்றாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'ஹேஸ் கம்' என்பதோடு 'எஸ்டர்டே' சேராது. நேற்று, போன வாரம், 1984-ல் என்று முடிந்துபோன ஒரு வேளையைக் குறிப்பிட்ட உடனே சாதாரண இறந்தகாலத்துக்கு வந்துவிட வேண்டும். "மாமல்லபுரம் பிகேம் எ வேர்ல்ட் ஹெரிடேஜ் சைட் இன் 1984."

அன்று தொடங்கியது இன்றும் நீடிக்கிறது என்றால் கதை மாறுகிறது. "செங்கல்பட்டு 2019 முதல் தனி மாவட்டமாக இருக்கிறது" என்பதில் நமக்கு நிகழ்காலம் போதும். ஆங்கிலம் நிகழ்காலத்தை மட்டும் வைத்துக்கொள்ளாமல், தொடங்கிய காலத்தையும் இன்றையும் சேர்த்துப் பிடிக்கும்: "செங்கல்பட்டு ஹேஸ் பீன் எ செப்பரேட் டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 2019." தொடங்கிய நாளை மட்டும் சொன்னால் "செங்கல்பட்டு பிகேம் எ டிஸ்ட்ரிக்ட் இன் 2019." இந்த இரண்டு வாக்கியங்களையும் ஜோடியாக மனதில் வைத்துக்கொண்டால், "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் ஃப்ரம் 2019" என்று சொல்லும் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும். வேலை கேட்கும் கடிதங்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019' என்று எழுத வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் தமிழ் தடுக்கி விழவைக்கும் இடங்கள். தமிழ் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. அவற்றை யாரும் சொல்லித்தருவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் வான்ட்டிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்' என்று நம்மில் பலர் பேசுகிறோம். எந்த வினைக்கு 'இங்' வரும், எதற்கு வராது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பட்டியலைவிடச் சுலபமான சோதனை தமிழிலேயே இருக்கிறது. தமிழில் 'நான்' என்று தொடங்காமல் 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள். எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் புரிகிறது, எனக்கு ஞாபகம் இருக்கிறது, எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இவை ஆங்கிலத்தில் நோ, வான்ட், லைக், அண்டர்ஸ்டாண்ட், ரிமெம்பர், ஹேவ் என்று ஆகும்போது பெரும்பாலும் 'இங்' ஏற்பதில்லை. நாம் செய்கிற வேலை அல்ல, நமக்குள் இருக்கிற நிலை என்பதால் தமிழ் அவற்றுக்கு 'எனக்கு' கொடுத்தது. ஆங்கிலம் அதே காரணத்துக்காக 'இங்'கை எடுத்துவிட்டது. ஆகவே 'எனக்கு' வந்தால் 'இங்' வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் பத்தில் எட்டு இடத்திலாவது சரியாக வரும். 'ஹேவிங் லஞ்ச்' என்பது சரிதானே என்று கேட்கலாம். சரிதான். அங்கே ஹேவ் என்பது சாப்பிடுவது. அது நாம் செய்கிற வேலை, 'நான்' போடும் வினை.

'எ', 'தி' விஷயத்திலும் தமிழில் ஒரு விதை இருக்கிறது. தமிழில் இந்தச் சொற்கள் இல்லை, அதனால் நமக்கு அது வராது என்று ஆசிரியர்களே சொல்வதுண்டு. ஆனால் "சிலை வாங்கினேன்" என்பதற்கும் "சிலையை வாங்கினேன்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் தமிழ் பேசும் குழந்தைக்கும் தெரியும். முதலாவது ஏதோ ஒரு சிலை. இரண்டாவது, நாம் இருவரும் ஏற்கெனவே பேசிய அந்தச் சிலை. ஆங்கிலத்தில் முதலாவது "ஐ பாட் எ ஸ்டாச்சு", இரண்டாவது "ஐ பாட் தி ஸ்டாச்சு". கேட்பவருக்கு எது என்று தெரிந்திருக்கிறதா என்பதுதான் இரு மொழிக்கும் பொதுவான கேள்வி. தமிழ் அதை 'ஐ' உருபை வைத்தும் விட்டும், அதுவும் உயிரில்லாப் பொருள்கள் செயப்படுபொருளாக வரும்போது மட்டும் காட்டுகிறது. ஆங்கிலம் வாக்கியத்தின் எந்த இடத்திலும் காட்டச் சொல்கிறது. நமக்குத் தெரிந்த கேள்வியையே அடிக்கடி கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஊர்ப் பெயர்களும் ஆற்றுப் பெயர்களும் வேறு கணக்கு. அங்கே யோசித்துப் பயனில்லை, பழக வேண்டும். நம் பக்கத்துப் பெயர்களை வைத்தே பழகலாம். ஆற்றுக்கும் கடலுக்கும் 'தி' உண்டு: தி பாலார், தி பே ஆஃப் பெங்கால். ஏரிக்குக் கிடையாது: செங்கல்பட்டு ரயில் நிலையத்தை ஒட்டிக் கிடப்பது வெறும் கொளவாய் லேக். ஊருக்குக் கிடையாது: மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம். கடற்கரைக் கோயில் தி ஷோர் டெம்பிள். கூட்டமாக நிற்பதால் ஐந்து ரதங்களும் தி ஃபைவ் ரதாஸ். அர்ச்சுனன் தபசு மட்டும் அர்ஜுனாஸ் பெனன்ஸ். யாருடையது என்று முன்னாலேயே சொல்லிவிட்டதால் 'தி'க்கு அங்கே இடம் இல்லை.

சொல் வரிசையைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். "கடற்கரைக் கோயிலை ராஜசிம்மன் கட்டினான்" என்றாலும் "ராஜசிம்மன் கடற்கரைக் கோயிலைக் கட்டினான்" என்றாலும் நமக்குப் பொருள் ஒன்று. 'ஐ' உருபு காவலுக்கு நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் காவலைச் செய்வது வரிசை. முன்னால் நிற்பவர் செய்தவர், பின்னால் நிற்பது செய்யப்பட்டது. கோயிலை முன்னால் வைக்க ஆசைப்பட்டால் வினையை மாற்றியாக வேண்டும்: "தி ஷோர் டெம்பிள் வாஸ் பில்ட் பை ராஜசிம்ஹா." பள்ளியில் அரைப் பரீட்சைக்குப் படித்த 'பாசிவ் வாய்ஸ்' எதற்கு என்பதற்கு இதுதான் பதில். வழிகாட்டிகள் இதில் 'வாஸ்' என்பதற்குப் பதில் 'இஸ்' போட்டுவிடுவதுண்டு. கட்டியது எட்டாம் நூற்றாண்டில் என்பதால் 'வாஸ்'.

செங்கல்பட்டிலிருந்து சென்னை பீச் ஸ்டேஷன் வரை தினமும் லோக்கல் ரயிலில் போய் வருகிறவர்களுக்கு வேற்றுமை உருபைச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டில், பரனூர் ஸ்டேஷனில், ஈசிஆரில், ரயிலில், காரில் என்று எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே 'இல்'. ஆங்கிலம் அதை மூன்றாகப் பிரிக்கிறது. நம்மைச் சூழ்ந்திருக்கும் ஊருக்கு இன் செங்கல்பட்டு. ஒரு புள்ளியாக நினைக்கும் இடத்துக்கு அட் பரனூர் ஸ்டேஷன். மேல்பரப்பாகவோ நீளும் கோடாகவோ இருப்பதற்கு ஆன் தி ஈஸ்ட் கோஸ்ட் ரோட். வண்டிகளில், எழுந்து நின்று நடக்க முடிகிற ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் 'ஆன்'; குனிந்து நுழைந்து உட்காரும் காருக்கும் ஆட்டோவுக்கும் 'இன்'; பைக்குக்கும் கடற்கரைக் குதிரைக்கும் மறுபடி 'ஆன்'.

வெளிநாட்டவரோடு பேசும்போது உண்மையிலேயே குழப்பம் உண்டாக்குவது இலக்கணப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்கூட இல்லாத ஒன்று. "சில்லறை இல்லையா?" என்று கேட்டால் "ஆமாம், இல்லை" என்போம். கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறோம். அந்தப் பழக்கத்தில், "யூ டோன்ட் ஹேவ் சேஞ்ச்?" என்று கேட்கும் பயணியிடம் "யெஸ்" என்று சொன்னால், சில்லறை இருக்கிறது என்று அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். ஆங்கிலத்தில் கேள்வியைப் பார்த்துப் பதில் சொல்லக்கூடாது, உண்மையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இருந்தால் யெஸ், இல்லாவிட்டால் நோ. கேள்வி எப்படி வந்தாலும் சரி. விடுதியில், மருத்துவமனையில், கால் சென்டரில் வேலை செய்கிறவர்கள் வேறெதற்கும் முன்னால் இதைப் பழகிக்கொள்வது நல்லது.

மரியாதையும் அப்படித்தான். "சொல்லுங்க", "உட்காருங்க" என்பதில் வினையின் வாலிலேயே மரியாதை இருக்கிறது. அது ஆங்கிலத்தில் உதிர்ந்துபோய் "டெல் மி", "சிட்" என்று மொட்டையாக நிற்கிறது. பணிவான மனிதர், பேசும்போது மட்டும் அதட்டுகிறவராகத் தெரிகிறார். ஈடுகட்ட நாம் வாக்கியத்துக்கு ஒரு 'சார்' சேர்க்கிறோம். ஆங்கிலம் மரியாதையை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைக்கிறது: "குட் யூ டெல் மி…", "வுட் யூ லைக் டு சிட் ஹியர்?" 'குட் யூ', 'வுட் யூ' இரண்டையும் நம்முடைய 'ங்க' போல எடுத்துக்கொண்டால் பேச்சின் குணமே மாறிவிடும்.

இனி, எப்படிப் பயில்வது?

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அலுவலராக இருந்த என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளி வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். அன்றைய வழக்கம், ஒரு வாக்கிய அமைப்பை எடுத்துக்கொண்டு மாணவர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது. பிரபு இலக்கணப் பாடத்தையே எடுத்துவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து ஆங்கிலத்தில் கணக்குப் போடச் சொன்னார். எந்த ரயில் முதலில் போய்ச் சேரும், எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று விடை தேடுவதில் மனம் முழுக்க ஈடுபட்டிருக்கும்போது மொழியின் அமைப்பு தானே உள்ளே படியும் என்பது அவருடைய நம்பிக்கை. 1987-ல் இதைப் புத்தகமாக எழுதினார். வேலை கொடுத்து மொழி கற்பிக்கும் முறை இன்று உலகெங்கும் இருக்கிறது. அதன் முன்னோடிகளில் ஒன்றாக நம் பக்கத்துப் பள்ளிகளில் நடந்த இந்தச் சோதனையை மொழி ஆசிரியர்கள் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் இது அதிகம் பேசப்படாதது எனக்கு ஆச்சரியம்தான்.

செங்கல்பட்டுப் பட்டதாரிக்கு வேண்டியது இதுதான். லோக்கல் ரயில் அட்டவணையை எடுத்து, காலை ஒன்பது மணிக்குத் தாம்பரத்தில் இருக்க வேண்டியவர் எதில் ஏற வேண்டும், அதைத் தவறவிட்டால் என்ன வழி என்று நண்பருக்கு ஆங்கிலத்தில் விளக்கட்டும். ஸ்டேஷனில் இறங்கிய வெளியூர்க்காரர் கடற்கரைக் கோயிலுக்குப் போவது எப்படி என்று சொல்லட்டும். பேசும்போது இலக்கணத்தை நினைக்க வேண்டாம். பேசி முடித்த பிறகு, சொன்னதை எழுதிப் பார்த்து, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்தட்டும். இந்த வாரம் 'தி' என்றால் 'தி' மட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போனால் வாய் மூடிக்கொள்ளும்.

மாமல்லபுரத்துக் கடைக்காரருக்கு நேரெதிர் வழி. பேச்சு இருக்கிறது, கண்ணுக்கு வேலை வேண்டும். தன் வாயில் வரும் வாக்கியங்களை எழுதி, படித்த ஒருவரிடமோ போனிலோ திருத்தி வாங்கலாம். போன் திருத்தித் தந்ததை அப்படியே அனுப்பிவிடாமல், எந்தச் சொல் மாறியது, ஏன் மாறியது என்று பார்த்தால்தான் அடுத்த முறை தானாக வரும்.

புத்தகம் என்றால், வீட்டில் இருக்கும் ரென் அண்ட் மார்ட்டினைத்தான் பலரும் தூசி தட்டுகிறார்கள். அது ஆசிரியர் பக்கத்தில் இருந்து நடத்த வேண்டிய புத்தகம் என்பது என் கருத்து. தனியாகப் படிப்பவருக்கு ரேமண்ட் மர்ஃபி எழுதி 1985-ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' பொருத்தம். இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி, விடைகள் பின்னால். தொடக்கக்காரருக்கு அதே ஆசிரியரின் 'எசென்ஷியல்' புத்தகம் இருக்கிறது. "ஹிண்டு தலையங்கம் படி" என்ற வீட்டுப் பெரியவர்கள் அறிவுரையையும் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். தொடங்குகிறவருக்குத் தலையங்கம் கடினம், விளையாட்டுப் பக்கம் நல்லது. நேற்று நடந்து முடிந்ததைச் சொல்வதால் இறந்தகாலம் வரிக்கு வரி கிடைக்கும், யார் ஜெயித்தார்கள் என்பது முன்பே தெரிந்திருப்பதால் பொருளும் தட்டாது.

சில பிழைகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். 'ஹி கோஸ்' என்பதில் வரும் அந்த 'ஸ்' பல வருடம் பேசியவர்களுக்கும் நழுவும். 1970-களிலிருந்து நடந்த ஆய்வுகள், எந்தத் தாய்மொழிக்காரருக்கும் அது பிந்தித்தான் கைவருகிறது என்று காட்டின. எழுதும்போது பார்த்துச் சேர்த்துக்கொண்டால் போதும். 'பிரிபோன்', 'கசின் பிரதர்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' போன்றவற்றையும் பிழை என்று நான் சொல்லமாட்டேன். அவை இந்திய ஆங்கிலம். இங்கே எல்லோருக்கும் புரியும். 'பிரிபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. வெளிநாட்டவருக்கு எழுதும்போது மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஜிஎஸ்டி ரோட்டுப் பலகைகளில் காணும் 'ஃபர்னிச்சர்ஸ்' அப்படி அல்ல, அது பிழையேதான். ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன், அட்வைஸ் எதற்கும் 'ஸ்' கிடையாது.

யாரிடம் பேசப்போகிறோம் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் கணக்குப்படி 2021-22-ல் இந்தியாவின் கட்டண நினைவுச்சின்னங்களில் வெளிநாட்டவர் அதிகம் வந்தது தாஜ்மகாலுக்கு அல்ல, மாமல்லபுரத்துக்கு. 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நடந்த செஸ் ஒலிம்பியாடுக்கு 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தார்கள். உஸ்பெகிஸ்தான்காரர், ஆர்மீனியர், உக்ரைனியர் என்று அவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் நம்மைப்போலவே பிற்பாடு கற்ற மொழி. அவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது தெளிவு. லண்டன் உச்சரிப்பை யாரும் கேட்கவில்லை.

கடைசியாக, ஏற்கெனவே ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டிலோ வகுப்பிலோ அலுவலகத்திலோ ஒருவர் தட்டுத்தடுமாறிப் பேசும்போது சிரிக்காதீர்கள், பாதி வாக்கியத்தில் குறுக்கே போய்த் திருத்தாதீர்கள். "ஐ ஹேட் கான் எஸ்டர்டே" என்று அவர் முடிக்கட்டும். "ஓ, யூ வென்ட் எஸ்டர்டே? ஹவ் வாஸ் இட்?" என்று சரியான வடிவத்தில் திருப்பிக் கேளுங்கள். பேச்சு நிற்காது, திருத்தமும் அவர் காதில் விழுந்துவிடும். பள்ளி ஆசிரியர்கள் இதை நாளைய வகுப்பிலேயே தொடங்கலாம்.